இடுப்பு ஒன்று, பெல்ட் நாலு

1969-இல் மியாமியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் இரண்டு பேர் குத்துவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி என்ற கணக்கோடு 1956-இல் ஓய்வுபெற்றவர். தொப்பையைக் கரைத்து, வழுக்கைக்கு விக் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எதிரே முகமது அலி. வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்று 1967-இல் சொன்னதற்காகப் பட்டத்தையும் உரிமத்தையும் பிடுங்கிக்கொண்டு அவரை நடுத்தெருவில் விட்டிருந்தார்கள். கைச்செலவுக்கு வந்த வேலை இது. இருவருடைய பழைய கணக்குவழக்குகளை எல்லாம் ஒரு கணினிக்குள் கொட்டினால், நிஜமாக மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று அது தீர்ப்புச் சொல்லும் என்று விளம்பரம் செய்தார்கள். படம் திரைக்கு வருமுன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ அலியைச் சாய்த்தார். பிரிட்டனுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார்.

கணினி ஒன்றுதான். சந்தைதான் இரண்டு. அந்தக் கணினியை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது.

"அந்தக் காலத்து ஹெவிவெயிட் மாதிரி வருமா?" என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு அந்தக் கணினிதான் ஞாபகம் வருகிறது. வயதானவர் என்றால் அலி, ஃபிரேசியர், ஃபோர்மன் என்று கண் கலங்குவார். அவரைவிட வயதானவர் ஜோ லூயிஸ் என்பார். இன்றைய பையன் டைசன் ஃபியூரியின் ஆறடி ஒன்பது அங்குலத்தைக் காட்டி, 84 கிலோ மார்சியானோவையெல்லாம் இவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார் என்பான். எல்லோரும் ரிங்குக்குள் இருக்கும் இரண்டு பேரைத்தான் ஒப்பிடுகிறார்கள். முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறானே, கல்லாப்பெட்டிக்காரன், அவனை யாரும் ஒப்பிடுவதில்லை. குத்து வாங்குகிறவன் நூறு வருஷமாக ஒரே மாதிரிதான் வாங்குகிறான். குத்தை விற்கிறவன்தான் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறான்.

பொற்காலத்திலிருந்தே தொடங்குவோம். 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளை அமெரிக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பண்ணையில் ஓய்வாக இருந்த ஜிம் ஜெஃப்ரீஸை இழுத்துவந்து 1910 ஜூலை 4-இல் ரீனோவில் மோதவிட்டார்கள். ஜெஃப்ரீஸ் விழுந்தார். அன்றிரவே ஊர் ஊராகக் கலவரம், கறுப்பினத்தவரை அடித்துக் கொன்றார்கள். ரிங்கில் நடக்காததை நீதிமன்றத்தில் நடத்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பெண்ணோடு மாநில எல்லை தாண்டினார் என்று ஒரு சட்டத்தைத் தேடிப்பிடித்து 1913-இல் ஜான்சனைக் குற்றவாளி ஆக்கினார்கள். மன்னிப்பு வந்தது 2018-இல், அவர் செத்து 72 வருஷம் கழித்து. 1915-இல் அவர் தோற்றதிலிருந்து 1937-இல் ஜோ லூயிஸ் ஜெயிக்கும்வரை ஒரு கறுப்பின வீரரைக்கூட ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் ஏற்றவில்லை. ஜாக் டெம்ப்ஸியின் காலத்தைப் பொற்காலம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. 1923 செப்டம்பரில் ஃபிர்ப்போவை அடித்த டெம்ப்ஸி அடுத்ததாகப் பட்டத்தைப் பணயம் வைத்தது 1926 செப்டம்பரில். அந்த மூன்று வருஷமும் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் வரிசையில் நின்றார். நின்றே வயதானார்.

நிறவெறி ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் ரவுடிகள். 1933-இல் சாம்பியன் ஆன இத்தாலிய ராட்சசன் பிரிமோ கார்னேரா, மாஃபியா கூட்டத்தின் கையில் இருந்த பொம்மை. அடுத்த வருஷமே மேக்ஸ் பேர் அவரைப் பதினொரு தடவை தரையில் உருட்டினார். சம்பாதித்ததில் பெரும்பகுதி கூட இருந்தவர்கள் பைக்குப் போக, மல்யுத்தம் செய்து வயிறு வளர்க்கப் போனார் மனிதர். 1950-களில் ஜேம்ஸ் நாரிஸ் என்ற பணக்காரரின் நிறுவனம் பெரிய சண்டைகளை மொத்தக் குத்தகைக்கு எடுத்துவைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஃபிராங்கி கார்போ என்ற கொலைகாரக் கும்பல்காரர். அந்த ஏகபோகத்தை உடைக்க 1959-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 1961-இல் கார்போவுக்கு 25 வருஷம் சிறை. ஜோ லூயிஸ் கதை இன்னும் கேவலம். 1942-இல் தன் சண்டைப் பணத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குத் தூக்கிக் கொடுத்த மனிதரை, போர் முடிந்ததும் வரிபாக்கி என்று அதே அரசாங்கம் துரத்தியது. கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் வாசலில் வருகிறவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கும் வேலை. ஜெர்மனியின் ஷ்மெலிங்கை 124 விநாடியில் சாய்த்தபோது நாடே கொண்டாடிய அந்தக் கையை, சீட்டாட வந்தவன் குலுக்கிவிட்டு உள்ளே போனான்.

ஆக, பழையது பொன் என்று என்னிடம் யாரும் கதை அளக்க வேண்டாம். பழையது சாக்கடைதான். ஆனால் அந்தச் சாக்கடைக்கு நடுவில் சண்டை நடந்தது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நானும் அந்தக் கணினி மாதிரிதான்.

1941-இல் ஜோ லூயிஸ் ஜனவரி கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் ஏழு தடவை பட்டத்தைக் காத்தார். எட்டே மாதம். வருகிறவன் எல்லாம் சப்பை, மாதத்துக்கு ஒரு சப்பையை அடிக்கிறார் என்று அன்றே கேலி செய்தார்கள். ஆறாவது ஆளாக வந்த பில்லி கான் பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது புள்ளிக்கணக்கில் முன்னால் இருந்தார். பதின்மூன்றில்தான் லூயிஸ் அவரைச் சாய்க்க முடிந்தது. 1966-இல் அலி ஒரே வருஷத்தில் ஐந்து தடவை. இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் டபிள்யூ.பி.சி. பட்டத்தை வென்ற டைசன் ஃபியூரி 2024 மேயில் தோற்கும்வரை அதைக் காத்தது மூன்று தடவை. மூன்றாவது தடவை எதிரே வந்தவர் டெரிக் சிசோரா. ஏற்கெனவே ஃபியூரியிடமே இரண்டு முறை தோற்றவர். மொத்தத்தில் பன்னிரண்டு தோல்வி கண்டவர். லூயிஸின் சப்பைகள் பாவம், அவசரப்பட்டுப் பிறந்துவிட்டார்கள். இன்றைக்கு இருந்தால் ஆளுக்கொரு இடைக்கால பெல்ட்டாவது கிடைத்திருக்கும்.

ஏன் மோத மாட்டேன் என்கிறார்கள்? பயமா? கிடையாது. ரிங்கில் ஏறுகிறவனைக் கோழை என்று சொல்ல, சோபாவில் சாய்ந்து பார்க்கும் எனக்கு யோக்கியதை இல்லை. பிரச்சினை அந்த முட்டைதான், தோல்விக் கணக்கில் இருக்கும் பூஜ்யம். அதை அடைகாக்கத்தான் புரொமோட்டர், மேலாளர், வக்கீல், தொலைக்காட்சிக்காரர் என்று ஒரு படையே இருக்கிறது. ஒரு தோல்வி வந்தால் விலை போய்விடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அலி ஐந்து தடவை தோற்றவர். ஃபோர்மன் அடித்த அடியில் ஃபிரேசியர் ஒரே சண்டையில் ஆறு முறை தரையைப் பார்த்தார். அதனால் அவர்களுடைய விலை குறைந்துவிட்டதா? அந்த மூவரும் ஒருவரையொருவர் தேடிப்போய் மோதிக்கொண்டார்கள். நம் காலத்து மூவர் ஃபியூரி, டியான்டே வைல்டர், ஆன்டனி ஜோஷுவா. ஃபியூரியும் வைல்டரும் மூன்று தடவை மோதினார்கள், மூன்றும் நல்ல சண்டை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் மூவரும் உச்சத்தில் இருந்த காலத்தில் ஜோஷுவா மற்ற இருவரில் ஒருவரோடும் மோதவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, ஒப்பந்தம் நடந்தது, ட்விட்டரில் வசவு நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு ஏழு வருஷமாகக் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த கதை.

வடசென்னையில் இந்த விளையாட்டை 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்பார்கள். ஆங்கிலம் இன்னும் இருக்கிறது.

பெல்ட் விவகாரத்துக்கு வருவோம். இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்ற பழமொழியை நம் முன்னோர்கள் உலகக் குத்துச்சண்டை அமைப்புகளை மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ. ஒன்று. அது போதாதென்று 1963-இல் மெக்சிகோவில் டபிள்யூ.பி.சி. பிறந்தது. 1983-இல் ஐ.பி.எஃப். 1988-இல் டபிள்யூ.பி.ஓ. நாலும் 'உலக' அமைப்புகள். உலகம் ஒன்றுதானே என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் வீரரின் பணத்தில் சுமார் 3 விழுக்காடு கட்டணம் இவர்களுக்குப் போக வேண்டும். குத்து அவனுக்கு, கமிஷன் இவர்களுக்கு. பட்டம் எத்தனையோ அத்தனை தண்டல் என்பதால், பட்டத்தைக் குட்டிபோட விட்டார்கள். 'சூப்பர்' சாம்பியன், 'ரெகுலர்' சாம்பியன், 'இன்டரிம்' சாம்பியன், ஓய்விலிருக்கும் சாம்பியன், வெள்ளி, வைரம், ஃபிராஞ்சைஸ். நம் அரசு அலுவலகங்களில் பொறுப்பு, கூடுதல் பொறுப்பு, முழுக் கூடுதல் பொறுப்பு என்று பெயர்ப்பலகை மாட்டுவார்களே, அந்தப் புண்ணியவான்கள் யாரோதான் அங்கே ஆலோசகராகப் போயிருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவதற்குக்கூட இன்னாருக்குத்தான் என்று ஒரு முறை இருக்கும். இங்கே கொடை எழுதுகிறவர் தலைக்கெல்லாம் கட்டுகிறார்கள்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் மஹ்மூத் சார் என்ற வீரரின் கதையைக் கேளுங்கள். 2017 நவம்பரில் டபிள்யூ.பி.ஏ.வின் 'ரெகுலர்' ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 2021 ஜனவரியில் பட்டத்தை எடுத்துக்கொள்ளும்வரை ஒரு தடவைகூட அதற்காக ரிங்கில் ஏறவில்லை. மூன்று வருஷத்துக்குமேல் உலகச் சாம்பியன், சண்டை பூஜ்யம். தப்பு முழுக்க அவர்மேல் இல்லை. வழக்கும் இழுபறியும் ஊக்கமருந்துப் பரிசோதனைக் குளறுபடியும் சேர்ந்துகொண்டன. சரி, பட்டம் காலியாகிவிட்டதே, இனியாவது நல்ல ஆளைத் தேடுவார்கள் என்று பார்த்தால், அந்த மாதமே ஃபுளோரிடாவில் ஒரு போட்டி. ஒரு பக்கம் டிரெவர் பிரையன். இன்னொரு பக்கம் பெர்மேன் ஸ்டிவர்ன், வயது 42, கடைசியாக ரிங்கில் ஏறி ஏறக்குறைய இரண்டு வருஷம், அதிலும் தோல்வி. போட்டியை நடத்தியவர் 89 வயது டான் கிங். பிரையன் ஜெயித்து 'உலகச் சாம்பியன்' ஆனார். அதே டபிள்யூ.பி.ஏ.வின் 'சூப்பர்' சாம்பியனாக ஜோஷுவா அப்போது லண்டனில் உட்கார்ந்திருந்தார். ஒரே அமைப்பு, ஒரே எடை, இரண்டு உலகச் சாம்பியன்கள். சக்களத்திச் சண்டையாவது நடந்திருக்கலாம், அதுவும் இல்லை.

உயிரோடு இருந்து சண்டை போடாமல் சாம்பியனாக இருப்பதாவது பரவாயில்லை. டபிள்யூ.பி.ஓ.வின் தரவரிசையில், ஹெவிவெயிட்டில் அல்ல, சூப்பர் மிடில்வெயிட்டில், ஒரு வீரர் 2000 அக்டோபரில் இறந்துபோனார். அப்போது அவர் இடம் ஏழு. அடுத்த சில மாதங்களில் ஆறுக்கு ஏறினார். பிறகு ஐந்துக்கு. சுடுகாட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் பட்டப் போட்டிக்கே வந்திருப்பார். அதற்குள் யாரோ பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துக் கெடுத்துவிட்டார்கள். ஐ.பி.எஃப்.பின் நிறுவனர் பாப் லீ, லஞ்சம் வாங்கிக்கொண்டு தரவரிசையை விற்றார் என்று 1999-இல் அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பித்து, வரி ஏய்ப்பு, பணச்சலவை போன்றவற்றில் மாட்டி 22 மாதம் தண்டனை பெற்றார். ஐ.பி.எஃப். சாகவில்லை. இன்றும் பெல்ட் விற்கிறது.

பெல்ட்டுக்கு உண்டான மரியாதையைச் செய்தவர் ஒரே ஒருவர்தான், ரிடிக் போ. 1992 டிசம்பரில் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் டபிள்யூ.பி.சி. பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். லெனக்ஸ் லூயிஸோடு மோதாமல் தப்பிக்கப் போட்டார் என்பது வேறு கதை. அந்தப் பெல்ட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, லூயிஸுக்குக் கட்டினார்கள். பட்டப் போட்டி ஒன்றுகூட ஆடாமல் லூயிஸ் உலகச் சாம்பியன். இதற்கு முன்னோடியும் உண்டு. 1978-இல் லியான் ஸ்பிங்க்ஸிடமிருந்து பிடுங்கி கென் நார்ட்டனுக்குக் கொடுத்தார்கள். நார்ட்டன் அருமையான வீரர், அலியின் தாடையை உடைத்தவர். ஆனாலும் வாழ்நாளில் ஒரு பட்டப் போட்டியில்கூட வெல்லாத உலகச் சாம்பியன் என்ற விசித்திரப் பெருமை அவர் தலையில் விழுந்தது. 1999 மார்ச்சில் அதே லூயிஸ் ஹோலிஃபீல்டை 348 குத்து குத்தினார், வாங்கியது 130. தீர்ப்பு: சமன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்படி மார்க் போட்டால் பெற்றோர் வாத்தியாரை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு போவார்கள்.

இந்த லட்சணத்தில் 2024 மே 18 அன்று ஓர் அதிசயம் நடந்தது. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், ஃபியூரியை வென்று நாலு பெல்ட்டையும் ஒரே இடுப்பில் கட்டினார். லெனக்ஸ் லூயிஸுக்குப் பிறகு 24 வருஷம் கழித்து, தகராறு இல்லாத ஒரே சாம்பியன். அவரைவிட உயரத்திலும் எடையிலும் மிஞ்சிய ஆளைக் காலாலும் மூளையாலும் சுற்றிச் சுற்றி அடித்தார். எந்தக் காலத்துக் கொம்பனோடும் நிறுத்திப் பார்க்கக்கூடிய ஆள் அவர், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தச் சாம்பியனை வைத்துக்கொண்டு குத்துச்சண்டை உலகம் என்ன செய்தது? நாற்பது நாள்கூட ஆகவில்லை. எங்கள் வரிசையில் நிற்கிற ஆளோடு மோது என்றது ஐ.பி.எஃப். உசிக் ஃபியூரியோடு மறுபோட்டிக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மறுநிமிடமே டேனியல் டுபுவா சாம்பியன், ஒரு குத்துகூட விடாமல். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் உசிக் அந்த டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்து நாலையும் மறுபடி சேர்த்தார். நவம்பரில் டபிள்யூ.பி.ஓ. பெல்ட் மறுபடி கழன்றது. ஃபேபியோ வார்ட்லி வீட்டிலிருந்தே சாம்பியன். 24 வருஷம் கட்டிய கோபுரத்தை நாற்பது நாளில் செங்கல் செங்கலாகப் பிரித்து விற்கிற வித்தை வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். பாகப்பிரிவினை வக்கீல்கள்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

அந்த அதிசயம் நடந்த இடம் ரியாத். இங்கேதான் எனக்கும் தொண்டையில் முள் சிக்குகிறது. நியூயார்க்கும் லண்டனும் லாஸ் வேகாஸும் 24 வருஷமாக நடத்திக்கொடுக்காத சண்டையை சவூதிப் பணம் நடத்திக் காட்டியது. பொழுதுபோக்கு ஆணையத்தின் தலைவர் துர்க்கி அல்-அல்ஷிக் பணத்தைக் கொட்டினார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம் என்றிருந்த புரொமோட்டர்கள் எல்லாம் பங்காளிக் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்பதுபோல் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஆக, முடியாமல் இல்லை, காசு போதாமல் இருந்திருக்கிறது! இதை வெட்கமில்லாமல் நிரூபித்துக் கொடுத்ததற்கு அவர்களுக்கு நன்றி. 2022 மார்ச்சில் சவூதி அரேபியா ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. ஆகஸ்டில் ஜெட்டாவில் உசிக்கும் ஜோஷுவாவும் மோதினார்கள். இடையில் ஐந்து மாதம். துடைத்த தரை காய அவ்வளவு போதும் போலிருக்கிறது.

உடனே பழங்காலத்துப் பக்தர் துள்ளிக் குதிப்பார்: "பார்த்தீர்களா, அந்தக் காலத்தில்..." அந்தக் காலத்தில் என்ன? 1974-இல் கின்ஷாசாவில் அலிக்கும் ஃபோர்மனுக்கும் ஆளுக்கு ஐம்பது லட்சம் டாலர் கொடுத்தவர் அந்த நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டு. ஜயர் மக்களின் வாயிலிருந்து பிடுங்கிய பணம். அமெரிக்கத் திரையரங்குகளின் நேரத்துக்கு ஒத்துவர வேண்டுமென்று விடியற்காலை நாலு மணிக்கு மணியடித்தார்கள். 1975-இல் மணிலா. ராணுவச் சட்டம் போட்டு நாட்டை ஆண்டுகொண்டிருந்த மார்கோஸின் திருவிழா. அதே அமெரிக்க நேரத்துக்காகக் காலையில் சண்டை, அரங்கு அடுப்பாகக் கொதித்தது. பதினாலு ரவுண்டு. கண் அடைத்துப்போய் எதிரே வரும் கையே தெரியாமல் நின்ற ஃபிரேசியரைப் பதினைந்தாவது ரவுண்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நிறுத்தினார் பயிற்சியாளர் எடி ஃபட்ச். அந்த அரங்கில் அன்று ஒரு வீரனை மனிதனாக நினைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். சர்வாதிகாரிக்குக் குத்துச்சண்டை பிடிப்பது புதிதில்லை. இரண்டு ஏழைகள் அடித்துக்கொள்ளும்போது மூன்றாவது ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது வந்திருப்பது அடுத்த கட்டம்: சண்டையே தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் ரியாத்தில் ஃபியூரி மோதியது ஃபிரான்சிஸ் இன்கானூவோடு. கலப்புத் தற்காப்புக் கலைக்காரர். வாழ்க்கையில் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. மூன்றாவது ரவுண்டில் உலகச் சாம்பியனை அவர் தரையில் உட்கார வைத்தார். புள்ளியில் ஃபியூரி தப்பித்தார். தோற்ற இன்கானூவை டபிள்யூ.பி.சி. உலகத் தரவரிசையில் பத்தாவது இடத்தில் போட்டது. ஒரே சண்டை, அதிலும் தோல்வி, உலகில் பத்தாவது! பதினைந்து வருஷமாக ஜிம்மில் ரத்தம் கக்கிக்கொண்டு அந்தப் பத்தாவது இடத்துக்குக் காத்திருந்தவன் அன்று இரவு என்ன நினைத்திருப்பான்?

2024 நவம்பரில் டெக்சாஸில் 58 வயது மைக் டைசனை 27 வயது ஜேக் பாலோடு ஏற்றினார்கள். டைசன் கடைசியாக முறைப்படி சண்டை போட்டது 2005-இல், அதிலும் பாதியில் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார். ஜேக் பால் யூடியூபில் பிரபலமானவர். இரண்டு நிமிட ரவுண்டு எட்டு, பஞ்சு அதிகம் வைத்த 14 அவுன்ஸ் கையுறை. இதை மாநில ஆணையம் முறையான தொழில்முறைப் போட்டி என்று அங்கீகரித்தது. அரங்கில் எழுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். உலகம் முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாக நெட்ஃபிலிக்ஸ் மார்தட்டியது. பலருக்குப் படம் நடுவில் உறைந்து நின்றது. உறைந்த படத்துக்கும் ஓடிய படத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை. டைசன் எட்டு ரவுண்டிலும் சேர்த்துத் தொட்ட குத்து 18. இருபது வயதில் டிரெவர் பெர்பிக்கை இரண்டு ரவுண்டில் கால் பின்ன வைத்துத் தள்ளாட விட்ட அதே டைசன். அன்றிரவு அதே மேடையில் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் ரத்தம் சொட்டச் சொட்ட மோதிய சண்டைதான் உண்மையான சண்டை. அதற்கு முன்னோட்டக் காட்சி அந்தஸ்துதான்.

நான் டைசனைத் திட்டவில்லை. வயதான சிங்கத்தைக் கூண்டில் வைத்துக் காசு வாங்குகிறவனை விட்டுவிட்டுச் சிங்கத்தைத் திட்டுவதில் என்ன இருக்கிறது? இந்த வியாபாரமும் புதிதில்லை. நம் மெட்ராஸே சாட்சி. 1980-இன் தொடக்கத்தில் முகமது அலி இங்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி; எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அப்போது அலி ஓய்வுபெற்றுவிட்டவர். விளையாட்டுக்குக் குத்தினார், சிரித்தார், கையசைத்தார். பார்த்தவர்களுக்கு வாழ்நாள் பாக்கியம். அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. அந்த வருஷம் அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு ஏற்றிவிட்டார்கள். அலிக்கு 38 வயது. முன்னதாக எடுத்த மருத்துவ அறிக்கையில், பேச்சில் ஒரு தடங்கல், ஒற்றைக் காலில் எதிர்பார்த்தபடி தத்த முடியவில்லை என்றெல்லாம் குறித்திருந்தார்கள். நெவாடா ஆணையம் படித்துப் பார்த்துவிட்டு உரிமம் கொடுத்தது. கண் தெரியாதவர் கையில் பேருந்துச் சாவியைக் கொடுத்தது மாதிரி. பத்து ரவுண்டு அலி நின்று வாங்கினார், திருப்பிக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. முன்பு அவருக்குப் பயிற்சித் தோழனாக இருந்த ஹோம்ஸ், அடிக்க மனமில்லாமல் அடித்தார், பிறகு அழுதார். அடுத்த வருஷம் பஹாமாஸில் பெர்பிக்கோடு இன்னொரு சண்டை. அங்கே ரிங் மணிகூடக் கிடைக்காமல் மாட்டுமணியை அடித்துத்தான் ரவுண்டைத் தொடங்கினார்கள். உலகம் கண்ட மாபெரும் ஹெவிவெயிட்டின் கடைசிச் சண்டை மாட்டுமணிச் சத்தத்தோடு முடிந்தது. 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குறி என்றார்கள் மருத்துவர்கள்.

ஹோம்ஸ் சண்டைக்கு அலிக்குப் பேசிய தொகை 80 லட்சம் டாலர். நடத்தியவர் டான் கிங். கணக்குத் தீர்த்தபோது 11 லட்சத்து 70 ஆயிரம் டாலர் குறைந்தது. அலி வழக்குப் போட்டார். உடம்பு முடியாமல் மருத்துவமனையில் இருந்தவரிடம் 50 ஆயிரம் டாலரை ரொக்கமாக ஒரு பெட்டியில் அனுப்பிவைத்து, வழக்கை வாபஸ் வாங்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இந்த மாதிரிக் கொள்ளையைத் தடுக்கத்தான் 2000-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம். புரொமோட்டரும் மேலாளரும் ஒருவராக இருக்கக் கூடாது, ஒரு சண்டையில் எவ்வளவு வந்தது என்பதை வீரனுக்குச் சொல்ல வேண்டும், தரவரிசைக்கு அளவுகோல் வேண்டும் என்று எழுதினார்கள். பல் குறைவான சட்டம்தான், இருந்தாலும் கடிக்கப் பார்த்தது. 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் புதிய மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருங்கிணைந்த அமைப்பு என்ற பெயரில் ஒரே நிறுவனம் வீரரை ஒப்பந்தம் செய்யலாம், சண்டையை நடத்தலாம், தரவரிசையும் போடலாம், தன் சொந்த பெல்ட்டையும் கட்டலாம். பழைய சட்டத்தின் முக்கியமான வேலிகள் அதற்குப் பொருந்தாது. நாலு தண்டல்காரர்களின் தொல்லை ஒழியும் என்கிறார்கள். ஒழியலாம். குதிரையும் அவனே, பந்தயமும் அவனே, நடுவரும் அவனே என்று ஆனபிறகு தண்டல் எதற்கு, மொத்தமாக எடுத்துக்கொள்ளலாமே. வீரனுக்குக் குறைந்தபட்சக் கூலியும் மருத்துவக் காப்பீடும் உண்டு என்று இனிப்பும் தடவியிருக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று அழுதுகொண்டு வருகிறது.

அந்த மசோதாவுக்கும் அலியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முகமது அலி அமெரிக்கக் குத்துச்சண்டை மறுமலர்ச்சிச் சட்டம். எது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். யாரை வேண்டுமானாலும் எங்கள் சாம்பியன் என்று கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த மனிதருக்கு வர வேண்டிய 11 லட்சத்து 20 ஆயிரம் டாலர் இன்னும் பாக்கி நிற்கிறது.